ஊரணி வெட்டியது செட்டியார், உப்புமா போட்டது யார்?

கேள்வி: காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 23 பிள்ளைகள். சமூக அறிவியல்தான் எனக்குத் தலைவலி. ‘நமது நாடு இந்தியா’ என்று ஆரம்பித்தேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், ரயில்வே ஸ்டேஷன் போர்டுல செட்டிநாடுன்னு இருக்கு, புத்தகத்து அட்டையில தமிழ்நாடுன்னு இருக்கு, நீங்க இந்தியாங்கிறீங்க, இதுல எது நம்ம நாடு?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ‘அரசு என்றால் என்ன’ என்று எடுத்தால் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார் என்றால் ‘செட்டியார்’, ஊரணி ‘செட்டியார்’, தண்ணீர்க் குழாய் ‘பிரசிடெண்டு’, காலைச் சாப்பாடு ‘சி.எம்.’ என்கிறார்கள். தலைமையாசிரியரோ தலைநகரம், தேசியப் பறவை, ஜனாதிபதி பெயர் இதெல்லாம் மனப்பாடமாக வந்தால் போதும் என்கிறார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கொத்தனாரின் மகளும் வகுப்பில் இருக்கிறாள். ‘நம் மாநிலம்’ என்று பாடம் எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது, சொல்லுங்கள். – ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள், இன்னும் சொல்லவில்லை என்றால் நாளைக்குச் சொல்லுங்கள், வகுப்புக்கு முன்னால் சொல்லுங்கள். முப்பது வருஷம் வகுப்பறையிலும் அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஆசிரியர் பயிற்சியிலும் இருந்தவள் நான். செட்டிநாட்டுப் பள்ளிகளில் எத்தனையோ முறை இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன், எடுக்க வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கே தோன்றியதில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அவன் குழம்பவில்லை. சொல்தான் அப்படி. நம்மிடம் ‘நாடு’ என்பது ரொம்பப் பழைய சொல், நாலைந்து ஊர் சேர்ந்த வட்டாரத்துக்கும் அதுதான் பெயர், சோழ நாடு பாண்டிய நாடு என்று ராஜா ஆண்ட பெரிய பரப்புக்கும் அதுதான் பெயர். இன்றைக்கும் நம் பக்கம் மஞ்சுவிரட்டு என்றால் ‘நாட்டார்கள்’ கூடிப் பேசுகிறார்கள் இல்லையா, அந்த நாடு வேறு. பாடப்புத்தகம் எழுதியவர்கள் தேசம் என்ற பொருளில் நாடு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், பையன் காதில் மூன்றும் ஒரே சொல்லாக விழுகிறது, அப்புறம் அவன் கேட்காமல் என்ன செய்வான்?

இதற்கு நான் இப்போது வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. ‘எதற்கு ஓட்டுப் போடுகிறோம்?’ என்று கேளுங்கள். செட்டிநாட்டுக்கு எம்.எல்.ஏ. உண்டா? கலெக்டர் உண்டா? வரி வாங்க ஒரு ஆபீஸ் உண்டா? கிடையாது. ரயில் நிலையம் ஒன்று உண்டு, சிக்கன் கறிக்கும் வீடுகளுக்கும் அந்தப் பெயர் உண்டு, அவ்வளவுதான். அதுவும் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஆகவே அது வட்டாரத்தின் பெயர். தமிழ்நாட்டுக்கு 234 எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுக்கிறோம், அது மாநிலம். மக்களவைக்கு 543 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், அதில் 39 பேர் நம் மாநிலத்திலிருந்து போகிறார்கள், அது தேசம். அதற்கெல்லாம் கீழே உங்கள் ஊராட்சி, அதற்கும் ஓட்டு உண்டு. வீட்டில் அம்மா அப்பா எத்தனை முறை ஓட்டுப் போடப் போனார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள், மறுநாள் வகுப்பில் ஒரே சத்தமாக இருக்கும். பாதிப் பேர் ‘எங்க வீட்ல அஞ்சு தடவை’ என்பார்கள், இருக்கட்டும்.

அடுத்த நாள் ஆளுக்கு ஒரு அஞ்சல் அட்டை வாங்கிக் கொடுங்கள், 23 பேருக்கு வாங்கினாலும் ஒரு டீ செலவுதான் ஆகும். சொந்த முகவரியை எழுதச் சொல்லுங்கள். பெயர், தெரு, ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம், பின்கோடு. ஒவ்வொரு வரியும் மேலே இருக்கிற வரியைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது என்பது எழுதும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் வட்டம் வட்டமாகக் கரும்பலகையில் வரைந்து விளக்கி ஒரு பலனும் இல்லாமல் போனதை இந்த அட்டை அரை மணி நேரத்தில் செய்தது.

அதோடு விட்டுவிடாதீர்கள். யார் வீட்டிலாவது பழைய கடிதமோ பத்திரமோ இருக்கும், நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பெட்டி பெட்டியாக இருக்கும், ஆச்சிமார்களிடம் கேட்டால் ஒன்றைக் காட்டுவார்கள். அதில் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்று இருக்கும். வீடு இடம் மாறவில்லை, ஊரணி இடம் மாறவில்லை, ஆனால் மாவட்டம் 1985-ல் மாறியது. 1969-க்கு முந்திய கடிதம் என்றால் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு இல்லை, சென்னை மாநிலம். 1947-க்கு முந்தியது என்றால் தபால்தலையில் வெள்ளைக்கார ராஜாவின் தலை இருக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. இராயவரம், கோனாப்பட்டு பக்கமெல்லாம் அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம், அங்கே தனி ராஜா, அம்மன் காசு என்று தனியாகக் குட்டிச் செப்புக் காசு. காரைக்குடிப் பெண்ணை இராயவரத்துக்குக் கட்டிக் கொடுத்தால் அவள் வேறு ஒரு ராஜாங்கத்துக்கு வாழப் போனாள் என்று அர்த்தம்! 1948 மார்ச் 3-ல்தான் அந்த சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. நாடு என்பது மலையையும் ஆற்றையும் போல முன்னாலிருந்தே அங்கே கிடந்த ஒன்றல்ல, மனிதர்கள் பேசிச் சண்டை போட்டு ஒப்பந்தம் எழுதி உண்டாக்கியது என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத பகுதிக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் செட்டியார், குழாய் பிரசிடெண்ட், சாப்பாடு சி.எம். என்ற பதில்கள்.

அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நம் ஊர்களில் கண்ணில் படுகிற பொது விஷயம் பாதிக்கு மேல் ஒருவர் கொடுத்ததுதான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்தவர்கள் ஊருக்கு ஊரணி வெட்டினார்கள், கோயில் எடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்ததே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, நன்றி மறப்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கப் போகிறோமா என்ன. ஆனால் கொடையிலேயே வளர்ந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டாகிவிடுகிறது. பொதுவாக எது வந்தாலும் அதை ஒரு ஆள் தந்தார் என்று நினைக்கிற பழக்கம். தந்தவர் முகம் தெரிய வேண்டும், அவருக்குக் கும்பிடு போட வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் குழாய்த் தண்ணீரும் பிரசிடெண்ட் போட்ட பிச்சையாகிவிடுகிறது. செட்டிநாட்டில் குடிமையியல் சொல்லிக் கொடுப்பவருக்கு முதல் வேலையே கொடைக்கும் உரிமைக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டுவதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

எப்படிக் காட்டுவது? பாடத்தை மூடி வைத்துவிட்டு ஊரணிக்குக் கூட்டிப் போங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஆழம் தெரியாத இடம் என்பதால் கூட ஒரு பெற்றோரையும் அழைத்துக்கொண்டு. போகிற வழியில் கண்ணில் படுகிற பொது விஷயம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, கோயில், பஸ் நிறுத்தம், கால்நடை மருந்தகம் இருந்தால் அது. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கேள்வி. இதை வைக்கலாம் என்று முடிவு செய்தது யார்? காசு யாருடையது? கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. நான் ஒருமுறை இப்படிக் கூட்டிப் போனபோது ஊரணியின் வரத்துக்காலில் பிளாஸ்டிக் பையும் கருவேல முள்ளும் அடைத்துக் கிடந்தன, மழைத்தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. யார் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். ‘செட்டியார்’ என்றார்கள். அவர் எங்கே? ‘மெட்ராஸ்ல இருக்காக, திருவிழாவுக்கு வருவாக.’ அவர் வரவே இல்லை என்றால்? கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண் பிள்ளை, ரொம்பச் சின்னக் குரலில், ‘கேக்க முடியாதுல்ல டீச்சர், அவுக குடுத்தது’ என்றாள். அவ்வளவுதான், பாடமே அங்கேதான் இருந்தது. கொடுத்தவரிடம் கேட்க முடியாது, வேண்டிக்கொள்ளலாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கலாம், வேண்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இரண்டு வினைச்சொற்களையும் பலகையில் எழுதிப் போடுங்கள், வரையறை எதுவும் வேண்டாம்.

ஊரணி விஷயத்தில் இன்னொரு படி இருக்கிறது, ஐந்தாம் வகுப்புக்கு அதைச் சொல்லலாம். நம் அரசியலமைப்பின் 15-வது பிரிவில் கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது, சாதி, மதம் போன்றவற்றைக் காட்டி இவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்று. அரசுப் பணத்தில் பராமரிக்கிறதாக இருந்தாலும் சரி, பொதுமக்கள் பயன்படுத்த என்று ஒருவர் விட்டுக் கொடுத்ததாக இருந்தாலும் சரி. இரண்டாவதைக் கவனியுங்கள். ஒரு செட்டியார் தன் சொந்தக் காசில் வெட்டி ஊருக்கு விட்ட ஊரணி, விட்ட பிறகு கொடையாக மட்டும் இல்லை, அதில் இறங்குவது எல்லோருக்கும் உரிமை. தில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் படித்துறையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். ‘எல்லாரும் இறங்கலாம்னு ஏன் சட்டத்துல எழுதணும்?’ என்று ஒருவராவது கேட்பார்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘உங்கள் தாத்தா காலத்தில் யாரையெல்லாம் இறங்கவிடவில்லை, வீட்டில் கேட்டு வாருங்கள்’ என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். மறுநாள் ஒரு பையன் எழுந்து வாசித்தான், வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது, அந்தப் பார்வையை நான்தான் உண்டாக்கினேன். முன்பு சிலரைத் தடுத்தார்கள், அது தப்பு, அதனால் சட்டம் எழுதினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். யாராவது தானாக வந்து ‘எங்க ஆயா சொன்னாக’ என்று தொடங்கினால் உட்கார்ந்து கேளுங்கள், ஆனால் எந்தப் பிள்ளையையும் பாடத்துக்கு உதாரணமாக நிறுத்தாதீர்கள். அதே காரணத்துக்காக ‘உங்கள் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுது’ என்பதும் நம் பக்கம் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பும் வளவும் இருக்கும், பக்கத்துப் பிள்ளையின் அம்மா அதே வீட்டில் பாத்திரம் தேய்ப்பார்.

சரி, உப்புமா. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் காலையில் சாப்பிடுகிறார்கள் இல்லையா, 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். ‘சி.எம். தர்றாரு’ என்பதை நேரடியாக மறுக்க வேண்டாம். அது அரசியலாகவும் போகும், பாதி உண்மையும் கூட, தரலாம் என்று முடிவெடுத்தது அப்போதைய முதலமைச்சர் தலைமையில் இருந்த அரசுதான். பின்னோக்கிப் போங்கள். இன்றைக்குக் காலையில் தட்டில் என்ன? ரவா உப்புமா. யார் கிண்டினார்கள்? சுய உதவிக் குழு அக்கா. அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? அரசு. அரசுக்குக் காசு எங்கிருந்து? இங்கே கட்டாயம் ஒருவன் ‘பேங்க்ல இருந்து’ என்பான், இல்லையென்றால் ‘அச்சடிப்பாங்க’ என்பான். அப்போது உங்கள் கைப்பையிலிருந்து காரைக்குடியில் புடவையோ செருப்போ வாங்கிய பில் ஒன்றை எடுங்கள். கடைசியில் இரண்டு வரி இருக்கும், சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று, இரண்டிலும் ஒரே தொகை. ஒன்று தில்லிக்குப் போகிறது, இன்னொன்று சென்னைக்குப் போகிறது. மத்திய அரசு, மாநில அரசு என்று நான்கு பக்கம் வாசித்தும் ஏறாதது இந்த இரண்டு வரியில் ஏறிவிடும், பத்து வயதில் கணக்கு நன்றாகவே வரும், பைசா விஷயத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ‘நாங்க வரி கட்டலையே’ என்பவனிடம் நேற்று அவன் வாங்கித் தின்ற பிஸ்கட் பாக்கெட்டைக் கேளுங்கள். அதன் விலையிலேயே வரி உள்ளே இருக்கிறது. அவன் கட்டிய வரி அவன் தட்டிலேயே உப்புமாவாக வந்து விழுகிறது என்று புரியும்போது அந்த முகத்தைப் பாருங்கள், அதற்காகவே இந்த வேலைக்கு வரலாம்.

வகுப்புத் தலைவர் தேர்தல் வைக்கிறீர்களா? வைப்பவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். தேர்தல் எல்லாம் ஜோராக நடக்கிறது, ஜெயித்த பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது. அது ஏட்டையா வேலை. பிரதிநிதி என்றால் நம் பேச்சை எடுத்துக்கொண்டு போய் மேலே சொல்லிவிட்டு, அங்கே என்ன சொன்னார்கள் என்று திரும்பி வந்து நமக்குச் சொல்கிறவர். கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லட்டும், சொல்லிவிட்டு வந்து வகுப்பில் நின்று பதில் சொல்லட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்தல் வையுங்கள், தாழ்ப்பாள் போடாதவருக்கு அடுத்த முறை ஓட்டு விழாது.

தேர்தலைப் பழைய மாதிரி நடத்திப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். 1951–52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது நூற்றுக்குப் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். வகுப்பில் நாலு அட்டைப்பெட்டியை வரிசையாக வைத்து ஓலைக் கொட்டான், குடம், மாட்டுவண்டி, பனைமரம் என்று படம் ஒட்டுங்கள். வேண்டுமென்றே திறந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்று மற்ற 22 பேரும் பார்ப்பார்கள், நண்பன் முறைப்பான், ஒரு பெண் பிள்ளை அழும். ‘மறைச்சு வைக்கணும் டீச்சர்’ என்று அவர்களே சொல்வார்கள். இரகசிய வாக்கெடுப்பு என்ற சொல்லை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம். ஓட்டுப் போட்ட பிறகு இடது கை ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுவதை மறந்துவிடாதீர்கள், தேர்தலில் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வீட்டுக்குப் போய்க் கை கழுவாமல் சாப்பிட உட்காருவார்கள் என்று அம்மாக்கள் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஒடிசாப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை நிறைய நடக்கிறது, இப்படிப் பிள்ளைகள் இனி வந்துகொண்டுதான் இருப்பார்கள். கூச்சப்பட வேண்டாம், அவளால் உங்கள் பாடம் நன்றாகவே நடக்கும். ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுங்கள், சாக்லேட் நிறத்தில் இருக்கிற புது நோட்டு. பின்பக்கத்தில் ஒரு தேர்ச் சக்கரம் இருக்கும், கோனார்க் சூரியன் கோயில், அவள் மாநிலத்தில் இருப்பது. அவள் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்திருக்கிறார்கள்? அதனால் பார்த்தாயா என்று கேட்காதீர்கள், ‘இது ஒடிசாவில் இருக்கிறது’ என்று மட்டும் வகுப்புக்குச் சொல்லுங்கள். அப்புறம் அதே பக்கத்தில் ஓரமாக 15 மொழிகளில் பத்து ரூபாய் என்று வரிசையாக எழுதியிருப்பதைக் காட்டுங்கள். தமிழைக் கண்டுபிடிக்க ஒரு போட்டி வையுங்கள், மேலிருந்து எண்ணினால் 13-வது வரி. ஒடியா 10-வது வரி, அதை அவள் தொட்டுக் காட்டி வாசிக்கட்டும், ஒடியா எழுத்து தெரியாது என்றால் அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வரட்டும்.

அந்த நோட்டை வைத்து நான் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் எழுந்து, ‘தமிழை ஏன் டீச்சர் இவ்வளவு கீழ போட்டாங்க?’ என்று கோபமாகக் கேட்டான். மொழிகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள் என்றேன். அவன் சமாதானம் ஆகவில்லை. ‘அப்ப ஆங்கிலத்துல வரிசை போட்டது யாரு?’ என்றான். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லி முடித்து வைக்காதீர்கள், பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், வருஷம் முழுக்க இருக்கட்டும். அவனை விடுங்கள், அன்றைக்கு அந்த நோட்டில் தன் வீட்டுப் பேச்சைப் பார்த்த பிள்ளைக்கு, இது என் நாடும்தான் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனப்பாடம். உங்கள் தலைமையாசிரியரோடு சண்டை போடாதீர்கள், அவர் மேலேயும் ஆள் வந்து கேள்வி கேட்கும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி ‘இந்தியாவின் ஜனாதிபதி யார்?’ என்று கேட்டார், என் பிள்ளைகள் கூரை பறக்கப் பெயரைச் சொன்னார்கள், எனக்கு ஒரே பெருமை. அவர் அதோடு போயிருக்கலாம். ‘ஜனாதிபதி என்ன செய்வார்?’ என்று கேட்டுவிட்டார். முதல் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை சற்று யோசித்து, ‘செவுத்துல மாட்டியிருப்பாரு சார்’ என்றது. அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சில விஷயம் நாக்கில் இருந்தால்தான் நல்லது. 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம், அரசியலமைப்பை 1949 நவம்பர் 26-ல் ஏற்றுக்கொண்டு 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, கொடியின் சக்கரத்தில் 24 ஆரம், இதெல்லாம் பாட்டாகப் பாடி ஏற்றிவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை, காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே முடியும். மிச்ச நேரம் உங்களுடையது. தலைமையாசிரியருக்கும் பதில் வருகிறது, உங்களுக்கும் வகுப்பு கிடைக்கிறது.

பெற்றோர் தரப்பில் ‘ரோட்டுல கூட்டிட்டுத் திரியுறாக’ என்று பேச்சு வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அவர்களில் இரண்டு பேரை ஊரணிக்குக் கூட அழைத்துப் போய்விட்டால் அப்புறம் அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.

வரத்துக்கால் விஷயத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஊராட்சிக்கு அஞ்சல் அட்டை எழுதினார்கள், ஆளுக்கு ஒன்று. ‘அய்யா தயவுகூர்ந்து’ என்று தொடங்கியிருந்தார்கள், பெரியவர்களுக்கு எழுதும் மரியாதை, அதை நான் திருத்தவில்லை. ஆனால் கடைசி வரியில் ‘எப்போது சுத்தம் செய்வீர்கள் என்று தெரிவிக்கவும்’ என்று சேர்க்கச் சொன்னேன். ஒரு மாதம் பதில் இல்லை. அப்புறம் நூறு நாள் வேலைக்காரர்கள் நாலு பேர் வந்து முள்ளை வெட்டினார்கள். அட்டையால்தானா, மழைக்காலம் வந்ததாலா, எனக்குத் தெரியாது, பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னேன். முள்ளை வெட்டினார்கள், பிளாஸ்டிக்கை எடுக்கவில்லை. மறுபடி எழுதலாமா என்று கேட்டவள், அன்றைக்குச் சின்னக் குரலில் ‘கேக்க முடியாதுல்ல’ என்று சொன்ன அதே பிள்ளை.

கடைசியாக ஒன்று. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், அதே நாளில் ஊரில் கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 அன்றும் உண்டு, மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் பிறகு சேர்ந்தவை. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஓரமாக உட்கார வையுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் உறுப்பினர், ஆகவே பிள்ளைகள் பேச வேண்டாம், பார்க்கட்டும், யார் வருகிறார்கள், யார் பேசுகிறார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், தெருவிளக்குக்கு எவ்வளவு என்று படித்தார்கள், நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் முறுக்கும் எடுத்துப் போங்கள், சொன்ன நேரத்துக்குக் கூட்டம் தொடங்காது.